காட்டுப்பாக்கம் மண்டபத்தில் கேஸ் குழாய் சோதித்த நாள்

பூந்தமல்லிப் பக்கம் கல்யாண மண்டபம் பார்க்கப் போவதாகச் சிலர் எழுதி, வழி கேட்டிருந்தீர்கள். வழியோடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அம்பத்தூரில் கேஸ் குழாய் வேலையில் இருந்தேன். காட்டுப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய மண்டபம்; மறுநாள் அங்கே முதல் கல்யாணம். யாரோ போட்டுவிட்டுப் போன குழாயைச் சோதித்து, அடுப்பைப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். பூந்தமல்லி வரை ஒரு பஸ், அங்கிருந்து போரூர் போகிற பஸ். குமணன்சாவடி தாண்டியதும் காட்டுப்பாக்கம். (இப்போதும் அதே வழிதான், நெரிசல்தான் கூடிவிட்டது.)

குழாயில் காற்றடைத்து அழுத்த மீட்டரைப் பார்த்தேன். முள் மெல்ல இறங்கியது; எங்கோ கசிகிறது. வெளியே தெரிந்த இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் கசிவு சுவருக்குள். “நான் வர்ற வரைக்கும் சிலிண்டரைத் தொடாதீங்க” என்று சமையல்காரர் மாணிக்கத்திடம் சொல்லிவிட்டு, சாமான் வாங்கக் குமணன்சாவடிக்குப் போனேன்.

திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பின்வாசலிலேயே கேஸ் நாற்றம். சமையற்கட்டில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது! ஓடிப்போய் சிலிண்டர் வால்வை மூடினேன்.

“இன்னா சார், பொண்ணு ஊட்டுக்காரங்க காபி கேட்டாங்க. நல்லாத்தானே எரிஞ்சிகினு கீது?” என்றார் மாணிக்கம்.

கூடத்தில் ஒருவர் சீரியல் லைட் போட ஸ்விட்ச் பக்கம் போய்க்கொண்டிருந்தார். “கைய வெக்காதீங்க! எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்தினேன்.

அப்போதுதான் மணப்பெண்ணின் அக்கா அலறினார்: “ஐயோ, ஸ்டோர் ரூம்ல கொழந்தய படுக்க வெச்சிருக்கேன்!”

ஸ்டோர் ரூம் சமையற்கட்டைவிடத் தாழ்வு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் தேங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இருட்டு. தரையைத் துழாவியபோது பாய் தட்டுப்பட்டது, பிறகு ஒரு சின்னக் கால். தூக்கியபோது குழந்தை துவண்டு கிடந்தது. முற்றத்துக்கு வந்து தாயிடம் கொடுத்தேன். அவர் முதுகைத் தட்டத் தட்ட ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு தும்மல். அடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை.

கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் காற்றாட விட்டோம். நாற்றம் முழுக்கப் போன பிறகு, குழாய் போகிற ஸ்டோர் ரூம் சுவரைக் கொத்தினேன். பூச்சுக்குள் முடுக்காமல் விட்ட ஓர் இணைப்பு. பிரித்து, முடுக்கி, மறுபடி காற்றடைத்தேன். முள் அசையவில்லை. ஆனால் பற்றவைக்க யாரும் வரவில்லை.

“நா மாட்டேன் சார்,” என்றார் மாணிக்கம். நானே தீக்குச்சியைக் கிழித்தேன். நீலமாக எரிந்தது.

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் சமையற்கட்டையும் பாருங்கள். குழாயைச் சோதித்தது யார் என்று கேளுங்கள். நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடிவிட்டு, கதவைத் திறந்து, வெளியேறுங்கள்.

அன்று கிளம்பப் போனவனைக் குழந்தையின் தாய் வாசலில் நிறுத்தினார். “தாலி கட்டுற வரைக்கும் இருங்களேன்ணா. நீங்க போய்ட்டா நாங்க யாரும் உள்ள வர மாட்டோம்.”

பையை இறக்கி வைத்தேன். மறுநாள் மேளச் சத்தம் கேட்டபோதும் நான் அந்தச் சுவரின் பக்கத்தில், மோந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.