ஏரி ஏறாத மூன்று நாட்கள்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் ஏரியை எடுத்துக்கொண்டாள். ஐப்பசி முழுக்க, தினமும் காலையில் மதகுப் பக்கம் போய், தண்ணீருக்கு மேலே எத்தனை படிகள் தெரிகின்றன என்று எண்ணி நோட்டில் எழுதுவாள். விடிந்தும் விடியாத அந்த வெளிச்சத்தில் அவள் பாவாடையும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். கம்பெனி வேனைப் பிடிக்கப் போகும்போது அதைப் பார்த்தபடியே நடப்பேன்.

மார்க் வந்தது. பத்துக்கு மூன்று. அவள் அழவில்லை. நோட்டைத் திறந்து திறந்து மூடினாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு பள்ளிக்கூடம் போனேன்.

அறிவியல் டீச்சர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரு நாள் வுடாம எழுதிக்கீறா மிஸ். மூணு மார்க்னா இன்னா அர்த்தம்?" என்றேன்.

அவர் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இந்த மூணு நாளும் அடைமழைம்மா. ஸ்கூலுக்கே லீவு விட்டாங்க. இவ மூணு நாளும் ஒன்பது படின்னு எழுதியிருக்கா. நாலாம் நாள் திடீர்னு ஆறு. வீட்ல உக்காந்து எழுதினாத்தான் இப்படி வரும். அப்புறம் மத்த நாளை எப்படி நம்புறது?"

மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மூன்று நாட்கள் நினைவுக்கு வந்தன. அவளுக்கு ஜுரம். "நீ போய் எண்ணிக்கினு வாம்மா" என்றிருந்தாள். மழை என்பதால் வேன் தெருவுக்கே வந்தது. ஏறி, கண்ணாடியில் தலை சாய்த்தேன். தூக்கத்துக்கு நடுவே ஏரி வந்து போனது. படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பார்த்தேனா, கனவா என்று அப்போதே எனக்குத் தெளிவில்லை. சாயங்காலம் வந்து "ஒம்போது" என்றேன். மூன்று நாளும் அதையே சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"மிஸ், அந்த மூணு நாளும் நான்தான் எண்ணுறேன்னு சொன்னேன். எண்ணல. அவளுக்கு ஜுரம்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் நிமிர்ந்து வாங்க முடியவில்லை.

டீச்சர் பேனாவை அவளிடம் கொடுத்தார். "அந்த மூணையும் அடிச்சிட்டுப் 'பார்க்கவில்லை'ன்னு எழுது. பார்க்காத நாள் எதுன்னும் தெரியணும்." அவள் எழுதி முடித்ததும் மூன்று மார்க்கை ஏழாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேனில் தூங்கியது, தூக்கத்தில் படிகள் தெரிந்தது.

"ஒம்போது படியா தெரிஞ்சுது?"

"ஆமா."

"அது ஜுரம் வர்றதுக்கு மொத நாள் நான் உங்கிட்ட சொன்ன கணக்கும்மா" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் வேப்பமர நிழலில் வெகுநேரம் நின்றேன். வேலைக்குப் போகாத பகலில் எங்கே போவது என்றே தோன்றவில்லை.