நாலு விரக்கடை ஒயர்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாராவது ஒருவர் தான் முடித்த டிபி பாக்ஸை, வீட்டு ஒயரெல்லாம் வந்து சேருகிற பெட்டியை, திறந்துவைத்துப் படம் போடுவார். மற்றவர்கள் பிய்த்து எடுப்பார்கள். ‘அந்த நீல ஒயரு ஏன் கோணலா போவுது?’ ‘ஒயருக்கு டை போட்டியா, மாட்டக் கட்டுனியா?’ வீட்டுக்காரர்கள் அந்த மூடியைத் திறந்தே பார்ப்பதில்லை. அந்த அழகைப் பார்ப்பது எங்களுக்குள் நாங்கள்தான். ஐம்பதைத் தாண்டிவிட்டேன், ஸ்டூலில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துவிட்டது. நாள் முழுக்கச் சுவரைக் கொத்தித் தூசி தின்றுவிட்டு வந்து இதையும் படிக்க வேண்டுமா என்று அலுத்துப்போகும். ஆனாலும் படிப்பேன். நானும் போடுவேன்.

போன வருஷம் பிச்சாவரம் பக்கத்தில் ஒரு மீனவர் வீட்டுக்கு ஒயரிங் செய்தேன். வீட்டுக்காரம்மா இறால் வாங்கி ஃப்ரீசரில் வைத்து விற்பவர். நான் செய்ததிலேயே சுத்தமான பாக்ஸ் அதுதான். ஒவ்வொரு ஒயரையும் எம்சிபி சுவிட்ச் வரைக்கும் அளந்து, துளிகூட மிச்சமில்லாமல் வெட்டி, தலை வாரிவிட்ட மாதிரி படியவைத்தேன். வெளிச்சம் சரியாக விழும்வரை காத்திருந்து படம் எடுத்தேன். குழுவில் கட்டைவிரலாக வந்து குவிந்தது. சிதம்பரத்துக்காரர் ஒருவர் மட்டும், என் வயசுதான், கூட வேலை பார்த்தவர், இப்படி எழுதினார்: ‘அழகா இருக்கு மச்சான். உள்ள மிச்சம் வுடலியே? நாலு விரக்கடை ஒயராவது சுருட்டி வுடணும்.’

வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். ‘உன் பாக்ஸு காக்கா கூடு மாதிரி இருக்குமே, அதுல வுட்டுக்க’ என்று பதில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த வெயில் காலத்தில் அந்தம்மா போன் செய்தார். இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார், ஃப்ரீசர் நின்றுபோயிருக்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நாற்றம். பாக்ஸைத் திறந்தேன். மிச்சமில்லாமல் விறைத்து நின்ற ஒயர் ஸ்க்ரூவின் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. லூஸாகி, சூடேறி, ஃப்ரீசருக்குப் போகிற முனை கருகிக் கிடந்தது. கருகியதை வெட்டினேன், ஒயர் எட்டவில்லை. ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து ஒட்டுப் போட்டேன். அத்தனை வரிசைக்கும் நடுவில் அது மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

அந்தம்மா கூடை கூடையாக இறாலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ‘அன்னிக்கு போட்டோ புடிக்க அவ்ளோ நேரம் நின்னீங்களேண்ணே’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

அந்த ஒட்டுப் போட்ட ஒயரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே, ‘மிச்சம் வுடல. அதான் ஃப்ரீசர் நின்னுபோச்சு’ என்று எழுதினேன். யார் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். சிதம்பரத்துக்காரர்தான் முதலில் கேட்டார்: ‘உள்ள இருந்த இறாலு என்னாச்சு மச்சான்?’

‘போச்சு’ என்று அடித்து அனுப்பினேன்.