மூன்றாவது மாடி, சனிக்கிழமை ஐந்தரை

குடியை விட்டுப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது மெக்கானிக்குக்கு. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். மறுநாள் சமையலறைக் குழாய். அடுத்து அவர் பார்வை தையல் மிஷின் பக்கம் போனதும் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"இதுல மட்டும் கை வைச்சீங்க, அப்புறம் நான் குடிக்க ஆரம்பிச்சிடுவேன்."

இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம். அதில் கடைசி ஆறு வருஷம், காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் அடங்கும். அப்படி ஒரு காலையில், ஏழாவது மாடியில் அவர் கையிலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவியது. அது கீழே லிஃப்ட் குழியில் நின்றிருந்த கூட்டாளியின் தோளை உரசிக்கொண்டு போய் விழுந்தது. கூட்டாளி மேலிடத்தில் மூச்சு விடவில்லை. ஏறி வந்து ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தான்.

"அண்ணே, எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இனிமே உங்ககூட இறங்க மாட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனார். பத்து நாள் படுக்கை. அனுப்பும்போது டாக்டர், "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிக்கு மனுஷங்க வேணும். குடிச்சு விட்டவங்க கூடற குழு பக்கத்துலயே இருக்கும், தேடிப் போங்க" என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. இணையத்தில் கிடைத்த முகவரியில் கண்ணாடிக் கடை இருந்தது. இன்னொரு இடத்தில், "போன வருஷமே காலி பண்ணிட்டாங்களே" என்றார்கள். மதுக்கடைக்கு வழி கேட்பதற்கு அவர் ஒருநாளும் கூசியதில்லை. இதற்கு வழி கேட்க மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மாத்திரை வாங்கும் மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க ஏதோ கூட்டம் நடக்குமாமே... ஒரு நண்பருக்காகக் கேக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் நிமிரவில்லை. "உங்க நண்பர் மாத்திரைய வேளாவேளைக்குப் போடறாரா? நூலகத்துக்கு எதிர்க் கட்டடம், மூணாவது மாடி. சனிக்கிழமை அஞ்சரை மணி."

சனிக்கிழமை வேலை முடிந்து சீருடையோடே போனார். கட்டடத்தைத் தாண்டி நடந்தார். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினார். மூன்றாவது தடவை, வாசலில் நின்ற ஒரு அம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட் ரிப்பேர்தானே? மூணு வாரமா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

"ஆமாம்மா" என்றார். பொய் தானாக வந்து விழுந்தது. தப்பித்தோம் என்று உடனே பையைத் திறந்து உட்கார்ந்தார். கதவு சரியாக மூடிவிட்டதா என்று பார்க்கும் சின்னத் தகடு வளைந்து, அழுக்கேறிக் கிடந்தது. அதைத் துடைத்து நிமிர்த்துவதற்குள் ஒரு திருகாணி இரண்டு தடவை கைநழுவி உருண்டது. பக்கத்தில் நாற்காலியில், முட்டிவலிக்காரரான ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

"எங்க கூட்டம் மூணாவது மாடியில. இவரால படி ஏற முடியல. அதனால வாராவாரம் யாராவது ஒருத்தர் இவர்கூட கீழயே உக்காந்துக்குவோம்" என்றாள் அந்த அம்மாள்.

லிஃப்ட் ஓடியது. மூவரும் மேலே போனார்கள். மற்ற இருவரும் இறங்க, மெக்கானிக் கீழே போகும் பட்டனில் விரலை வைத்தபடி உள்ளேயே நின்றார்.

"டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேற வேலை இருக்கும்மா."

அவள் கதவைக் கையால் மறித்தாள். "நான் நர்ஸ். விட்ட முதல் மாசம் என்னால ஒரு ஊசி போட முடியல, கை அப்படி ஆடும். உங்களுக்கு எத்தனை நாளாச்சு?"

"பதினேழு" என்றார், யோசிப்பதற்கு முன்பே.

அறையில் ஒன்பது பேர். யார் என்ன பேசினார்கள் என்பது அன்று அவர் காதில் பாதிதான் ஏறியது. கால் ஆடிக்கொண்டே இருந்தது. லிஃப்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை எழுந்து போனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியை யாரோ கதவோரமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம் வாய் திறந்து ஸ்பேனர் விழுந்த கதையைச் சொன்னார். ஐந்தாவது வாரம் கால் வழுக்கியது. இரண்டு நாள் குடித்தார். அந்தச் சனிக்கிழமை மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று வீட்டில் சுருண்டு கிடந்தவரை மனைவிதான் எழுப்பிக் கட்டட வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். அவர் குடித்ததைச் சொன்னதும் டிக்கெட் பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நான் பதினோரு தடவை வழுக்கினவன். நீங்க வந்துட்டீங்க இல்ல, தம்பி?"

அதற்குப் பிறகு பத்து மாதம் ஓடிவிட்டது. இன்னும் சனிக்கிழமை மதியமே அவருக்கு இருப்புக் கொள்ளாது. அரை மணி முன்னாலேயே போய், அடுக்கி வைத்த நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார்.