திருவல்லிக்கேணியில் காற்று வந்துவிட்டதாம்

இன்று அம்பத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ. பக்கத்தில் வேர்க்குருவோடு விடாமல் அழும் கைக்குழந்தையும் அதன் அம்மாவும்.

அவர் திருவல்லிக்கேணியில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டார். "ஏண்டி, அங்க கடல் காத்து வந்துச்சா?"

வந்துவிட்டதாம். ஆட்டோ முழுக்க முகம் மலர்ந்தது.

"அப்போ நம்மாண்டயும் வந்துகினே கீதுக்கா," என்றார் டிரைவர். "அடுத்த வாரம் மத்தியானமே வந்துடும்னு நியூஸ்ல சொன்னாங்க. வெயிலும் கொறையுமாம்."

"ஆவடி வரைக்கும் வருமா?" என்று கேட்டார் குழந்தையின் அம்மா. "எங்க வீட்டுக்கு நேத்து வரவே இல்லையே!"

திருமுல்லைவாயலில் நான் இறங்கும்போது துப்பட்டா பறந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தது.

ஆவடிக்காரர்களே, எங்கள் பக்கம் வந்த காற்றைப் பிடித்து வைக்காமல் அனுப்பிவிட்டோம். வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி போடுங்கள். அந்தக் குழந்தை தூங்கியிருக்கும் என்று தெரிந்தால் நானும் கொஞ்சம் தூங்குவேன்.