என் பெயரில் வரும் லிங்கைத் தொடாதீர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், சப்பாத்தும் கால்சட்டையுமாகக் கடலில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். எனக்கு நீந்தத் தெரியாது. தீவில் பிறந்து ஐம்பது தாண்டியவனிடம் அதை யாரும் கேட்பதில்லை... நானும் சொன்னதில்லை.

ஏன் இறங்கினேன்? ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டதால்.

ஞாயிறு மத்தியானம், பழைய நகைச்சுவைப் படமொன்று திடீரென்று நினைவுக்கு வந்தது. மாதாமாதம் கட்டணம் கட்டும் செயலியில் தேடினேன். 'உங்கள் நாட்டில் இந்தப் படம் கிடைக்காது' என்றது. அக்கரை இந்தியாவில் கிடைக்குமாம், இக்கரையில் கிடைக்காதாம். விடுவேனா? தலைமன்னாரில் நின்றால் சில நேரம் இந்தியக் கோபுரத்தின் சிக்னல் விழும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குதுறை வரை போனேன். சிக்னல் விழுந்தது. இந்தியா என்னை வரவேற்பதாகச் செய்தியும் வந்தது. படம் மட்டும் வரவில்லை — அயல் சிக்னலைப் பிடித்தாலும் போன் தன் நாட்டை மறக்காதாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவமானத்தோடு வீடு திரும்பி, படத்தின் பெயரோடு 'இலவசம்' என்று சேர்த்துத் தட்டினேன். உடனே கிடைத்தது. பார்ப்பதற்கு ஒரு 'பிளேயர்' ஏற்றச் சொன்னது. ஏற்றினேன். தொலைபேசிப் பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாமா என்றது. ஓம். செய்திகளை வாசிக்கலாமா? ஓம். கலியாணத்தன்று தேவாலயத்தில் சுவாமி கேட்டதற்குக்கூட நான் இவ்வளவு வேகமாக 'ஓம்' சொல்லவில்லை.

படம் ஓடவில்லை. திங்கள் காலையில் என் போன்தான் ஓடத் தொடங்கியது. 'நல்ல படம், கட்டாயம் பாருங்கோ' என்று என் பெயரில் எல்லோருக்கும் ஒரு லிங்க். தொட்டால் வருவது படம்தான்... ஆனால் குடும்பத்தோடு பார்க்கிற படமில்லை. பங்குச் சுவாமிக்கும் போயிருந்தது.

மானம் போனது சின்ன விஷயம். எழுதத் தெரிந்தவன் என்பதற்காக எங்கள் கரை மீனவர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கி வைத்திருக்கிறார்கள். கடற்றொழில் திணைக்களக் கந்தோரிலிருந்து காற்று எச்சரிக்கை வந்தால், அதை வள்ளக்காரர்களின் குரூப்பில் போடுவது என் வேலை.

செவ்வாய் இரண்டு மணிக்கு வந்தது: மாலையில் சோழகக் காற்று உரக்கும், கடலுக்குப் போகவேண்டாம். போட்டேன். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் பார்த்துவிடுவார்கள். அன்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"உங்கட நம்பரில இருந்து என்ன வந்தாலும் தொடவேண்டாமெண்டு, நேற்று நான்தான் எல்லாற்றை வீட்டுக்கும் சொன்னனான்" என்றாள் மனைவி. அவளுடைய போனிலிருந்து அவளின் தம்பி சூசையை அழைத்துப் பார்த்தோம். எடுக்கவில்லை. வள்ளத்தில் ஏறுமுன் போனைப் பொலித்தீனில் சுற்றிவிடுவார்கள்.

கரைக்கு ஓடினேன். சூசையின் வள்ளம் தண்ணீரில் இறங்கி, இயந்திரமும் உறுமத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் அந்தச் சப்பாத்துச் சம்பவம்.

"என்ன அத்தான், கரைக்கே கொண்டு வந்திட்டியளோ படத்தை?"

"சூசை, காத்து வருது. போகாதை."

"எந்த லிங்கில வருது?"

பக்கத்து வள்ளங்களில் சிரிப்பு. கந்தோர்ச் செய்தியைக் காட்டப் போனை நீட்டினேன். திருக்கைவாலைக் கண்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.

"அதை எனக்குக் கிட்டக் கொண்டு வராதேங்கோ. நேற்றுத் தொட்டதுக்கு மனுசி இன்னும் என்னோட கதைக்கேல்லை."

வேறு வழி? வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு... மீனைப்போல் உள்ளே விழுந்தேன்.

சூசையின் சிரிப்பு நின்றது. "திருவிழாவுக்கே வள்ளத்தில ஏறாத ஆள் நீங்கள்" என்றவன், இயந்திரத்தை அணைத்தான். மற்றவர்களும் அணைத்தார்கள்.

ஆனால் இன்னொரு வள்ளக்காரன் அன்ரன் அரைமணி முன்பே கடலுக்குப் போய்விட்டான்.

அவன் மனைவி கரையில் நின்றாள். "இவருக்கும் அனுப்பினியளோ அண்ணை?"

"அனுப்பினனான்."

"பாத்தவரோ?"

நான்கு மணிக்குக் காற்று உரத்தது. மணல் முகத்தில் அடித்தது. கடற்படைக்கு அறிவித்துவிட்டு, அன்ரனுக்கு மாறிமாறி அழைத்தோம். ஈரக் கால்சட்டையோடு கரையை அளந்தேன். நின்றால் அவள் முகம் தெரிந்தது — அதனால் நடந்தேன்.

ஆறு மணிக்கு ஒரு புள்ளி தெரிந்தது. அன்ரன். வலையைக் கடலில் வெட்டி விட்டுவிட்டு, வள்ளத்தில் பாதித் தண்ணீரோடு வந்தான். என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "நேற்றே குரூப்பையும் மியூட் பண்ணி, உங்களையும் புளொக் பண்ணிட்டன் அண்ணை" என்றான், நேரம் சொல்வதுபோல.

பிறகு போனைக் கடையில் கொடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து வாங்கினேன். கடவுச்சொற்களை மாற்றினேன். மனைவி தன் போனில் தேடி, தயாரிப்பாளரின் சொந்தச் சானலில் அதே படத்தைக் கண்டுபிடித்தாள். முழுப் படம், நல்ல பிரின்ட், இலவசம். நடுநடுவே சவர்க்கார விளம்பரம், அவ்வளவுதான். என் மூளைக்கு இது ஏன் எட்டவில்லை? நேர்வழியிலும் இலவசம் இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. படம் பார்க்க எதையாவது ஏற்றச் சொன்னால், உங்கள் பெயர்ப் பட்டியலைக் கேட்டால் — அது படம் காட்ட வரவில்லை, உங்களைப் பார்க்க வந்திருக்கிறது. தயாரிப்பாளரின் சானலிலும் கிடைக்காவிட்டால் கட்டணத்துக்கு இன்னொரு செயலியில் தேடலாம்... இல்லையேல் பார்க்காமல் விடலாம். ஒரு படம் பார்க்காமல் செத்தவர் எங்கள் பங்கில் இல்லை.

எச்சரிக்கைகள் இப்போது மனைவியின் போனிலிருந்துதான் போகின்றன. ஆனாலும் மனம் கேட்பதில்லை. தினமும் கரைக்குப் போய், அன்ரனுக்குக் காற்றை வாயால் சொல்லிவிட்டு வருகிறேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறான்... கேட்டுவிட்டு, பக்கத்து வள்ளத்தில் ஒருமுறை விசாரிக்கிறான்.