போடிமெட்டில் எல்லை தாண்டிய டீக்கடை

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். கல்யாணமான புதிது. ஏலமலையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் போடிப் பக்கத்தில் சுகாதார ஆய்வாளர். ஊர் வாயில் ‘ஹெல்த் இன்ஸ்பெக்டர்’. ஒருநாள் அவராகவே, “நாளைக்கு மெட்டுக்குப் போவோம்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகுதான் அவர் தோளில் காக்கிப் பை தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே பிளீச்சிங் பவுடர். ஊர் சுற்றக் கிளம்பியவளை ட்யூட்டிக்குக் கூட்டிப்போகிறார் மனுஷன்!

மலை உச்சியில், கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு போடியிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். ஏலக்காய் எடுக்கப்போகும் ஆட்களின் ஜீப்பில் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எங்களிடம் ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கினார் டிரைவர் முருகேசன். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. வயிற்றைப் புரட்டும் என்று பயப்படுகிறவர்கள் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் போடி ஒரு சுற்றுச் சின்னதாகி, கடைசியில் மேகத்துக்குள் காணாமல் போனது. குளிரில் பல் தந்தியடித்தாலும் வாயெல்லாம் எனக்குச் சிரிப்புதான்.

வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். மெட்டில் இருக்கும் டீக்கடையில் தண்ணீர் குடித்த தோட்டத் தொழிலாளிகள் மூன்று பேர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கடைக்குத் தண்ணீர் வரும் ஊற்றை உடனே மூடச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போட்டிருந்தார்.

“அந்த டீக்கடையைப் பூட்டிருவீங்களா?” என்று கேட்டேன்.

“நான் என்ன தாசில்தாரா?” என்று சிரித்தார். கடைக்குள் நுழைந்து பார்க்கலாம், கெட்டுப்போனதைக் கீழே கொட்டலாம், மாதிரி எடுத்து முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கும் அடங்காவிட்டால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். நோய் பரவும்போது உத்தரவு இருந்தால் தண்ணீரை நிறுத்தலாம். அவ்வளவுதான் அவர் அதிகாரம். அதுவும் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும்.

அந்தக் கடைசி விஷயம் எனக்கு முன்பே செல்லத்தாய்க்குத் தெரிந்திருந்தது. மெட்டில் தள்ளுவண்டியில் டீ போடுகிறவர் அவர். ஜீப்பிலிருந்து காக்கிப் பை இறங்கியதுதான் தாமதம், “தள்ளுங்கடி!” என்று ஒரு குரல். டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கையில் டம்ளரும் மறுகையில் வண்டியுமாகத் தள்ள, பாய்லர் புகையோடு கடை இருபதடி நகர்ந்து கேரளாவுக்குள் போய் நின்றது. இது அங்கே வழக்கமாம். அந்தப் பக்கத்து அதிகாரி வந்தால் வண்டி தமிழ்நாட்டுக்கு வந்துவிடும். நான் நடுரோட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு செல்லத்தாயிடம், “கடையைத் தள்ளிட்டுப் போயிட்டீங்க. ஊற்றை எப்படித் தள்ளுவீங்க?” என்று கேட்டார்.

ஊற்று தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரிவில் இருந்தது. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் கடைப் பானைக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் போய் அதைப் பிடுங்கிச் சுருட்டினார். செல்லத்தாயின் முகம் சுண்டிவிட்டது.

“சாயா கொதிக்குதுல்ல சார், அதுல என்ன கிருமி? ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு இந்தச் சோலிய நம்பித்தான் கெடக்கேன்.”

“சாயா கொதிக்குது. டம்ளர் கழுவுற தண்ணி கொதிக்குதா? பானையில மொண்டு குடிக்கிறாங்களே, அது கொதிக்குதா?”

செல்லத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. என் சிரிப்பும் அத்தோடு நின்றது. ஊற்றை மூடினால் நோய் நிற்கும். இந்த அம்மாவின் அடுப்பும் நின்றுவிடுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் அதட்டவில்லை. “எல்லாரும் கொஞ்சம் மேல வாங்க” என்று கூப்பிட்டார். ஊற்றுக்கு மேலே பத்தடி ஏறினால் ஒரு புதர் மறைவு. சாயங்காலம் இறங்கும் ஜீப்புகள் மெட்டில் நிற்கும்போது ஆட்கள் வெளிக்கு ஒதுங்கும் இடம் அது. மழைக்கு அங்கிருந்து கீழே ஒரு சின்ன ஓடை, நேராக ஊற்றுக்குள். முதலில் வாயைத் திறந்தது எங்கள் ஜீப்பில் வந்த ஒரு அக்காதான்.

“அடி ஆத்தி! நம்ம சாயங்காலம் விட்டுட்டுப் போனதத்தான் காலம்பற மொண்டு குடிக்கோமாக்கும்!”

மலை அதிரச் சிரித்தார்கள். இரண்டு பேர் ஓடிப்போய் வாந்தியும் எடுத்தார்கள். “வெரசா வாங்க, கங்காணி ஏசுவாரு” என்று கத்திக்கொண்டிருந்த முருகேசனே அரிவாளோடு வந்து முள் வெட்டினார். பெண்கள் ஊற்றைச் சுற்றி வேலி அடைத்தார்கள். ஒதுங்கும் இடம் ரோட்டுக்கு அந்தப்பக்கம், பள்ளத்துக்கு மாறியது. வீட்டுக்காரர் ஊற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டு, “தண்ணியைச் சோதிச்சு நல்லதுன்னு சொல்றவரைக்கும் யாரும் தொடக்கூடாது” என்றார்.

“அதுவரைக்கும் நான் என்ன செய்ய?” என்றார் செல்லத்தாய்.

“அழாத அக்கா. ஜீப்புக்கு ஒரு கேன் போடித் தண்ணி கொண்டாந்து தர்றோம். எங்களுக்கும் சாயா வேணும்ல?” என்று முருகேசன் தன் கேனை இறக்கிவைத்தார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

வண்டிக்குத் திரும்பினோம். டம்ளர்கள் வெந்நீரில் முங்கி எழுந்தன. முதல் டீயை ஆற்றி வீட்டுக்காரரிடம் நீட்டினார் செல்லத்தாய். “ட்யூட்டியில இருக்கும்போது கடையில எதுவும் வாங்கிக் குடிக்கமாட்டேன்” என்று இவர் கையை ஆட்டினார்.

செல்லத்தாய் தரையைக் காட்டினார். “இது கேரளா சார். இங்கன ஒங்க ட்யூட்டி செல்லாது. குடிங்க.”

ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. அப்படியொரு டீ இன்றுவரை நான் குடித்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை: விடியலிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் மேகம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஸ்வெட்டர் அவசியம். மலை ஊற்று எத்தனை பளிங்காகத் தெரிந்தாலும், அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்காமல் வாய் வைக்காதீர்கள்.

ஊற்றுத் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டது. பானையில் இனிக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான் என்று ஆயிற்று. அதன்பிறகும் நாங்கள் பலமுறை மெட்டுக்குப் போனோம். வண்டி தமிழ்நாட்டுப் பக்கமே நின்றது. இவரைக் கண்டு அது ஓடவில்லை. இவர் கடையைச் சுற்றிப் பார்த்து முடிப்பார். பிறகு காக்கிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தானாகவே இருபதடி நடந்து கேரளாவுக்குள் போய் நிற்பார். செல்லத்தாய் டீயை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்.