இப்போதைக்கு வாயை மூடு

என் மகன் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவான். ஃபிரிட்ஜ் கதவு கீ கீயென்று கத்தினால் கத்துகிற வயரைப் பிடுங்கிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவளோ, எச்சரிக்கைகளை உட்கார்ந்து படிப்பதையே பிழைப்பாகக் கொண்டவள். அந்த வீட்டில் சண்டைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

மருமகள் லிஃப்ட் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். கதவு எப்போது மூட வேண்டும், பாரம் அதிகமானால் எப்போது மணியடிக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் எழுதுவதை, கம்பைலர் என்கிற மென்பொருள் படித்து லிஃப்ட்டுக்குப் புரியும் பாஷையில் மாற்றித் தரும். மாற்றும்போதே சில வரிகளைக் காட்டி, ‘தப்பென்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை’ என்று முணுமுணுக்கும். அதுதான் எச்சரிக்கை. மாமியார் மாதிரி, வேலையை நிறுத்தாது, சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆபீஸ் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. எச்சரிக்கையே இல்லையென்றால் பச்சை, ஒன்று இருந்தாலும் மஞ்சள். மேலாளருக்குப் பச்சையின்மேல் தீராத காதல். சொந்தக் கல்யாண போட்டோவைக்கூட அந்தத் திரைக்கு முன்னால் எடுத்துக்கொண்டிருப்பார், ஆனால் திரை வருவதற்கு முன்பே கல்யாணம் முடிந்துவிட்டது. பச்சை சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்காக அங்கே ஒரு பழக்கம். கம்பைலர் முணுமுணுக்கும் வரிக்கு மேலே ‘வாயை மூடு’ என்று ஒரு கட்டளை, கீழே ‘இனிப் பேசலாம்’ என்று இன்னொரு கட்டளை. இடையில் இருப்பதைப் பற்றி அது மூச்சு விடாது. பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. ‘தெரியும்’, ‘பார்த்துக்கலாம்’, ‘முன்பிருந்தே இப்படித்தான்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒரு புண்ணியவான் ‘ஹூம்’ என்று மட்டும் எழுதியிருந்தாராம். மருமகள் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

புதிதாகப் பத்துப் பேர் ஏறும் லிஃப்ட்டுக்குப் புரோகிராம் அனுப்ப வேண்டிய வாரம். அவசரத்தில் அவள் அரைகுறையாக ஒரு வரி எழுதினாள். கம்பைலர் சத்தமே போடவில்லை. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. தோண்டிப் பார்த்தால், எல்லாக் கோப்புகளும் முதலில் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பில், யாரோ தன் ஒற்றை வரிக்காக ‘வாயை மூடு’ போட்டிருந்தார். காரணம்: ‘இப்போதைக்கு’. ‘இனிப் பேசலாம்’ போட மறந்துவிட்டு, வேலையையும் விட்டுப் போய்விட்டார். ஒருவர் மறதியில் மொத்த புரோகிராமுக்கும் வாய்ப்பூட்டு.

அவள் விட்டுப்போன கட்டளையைச் சேர்த்தாள். திரை மஞ்சளானது. பச்சை சார் செருப்பை மாட்ட மறந்து ஓடி வந்தார்.

“என்னம்மா பண்ணின?”

“வாயைக் கட்டி வச்சிருந்தாங்க சார். அவிழ்த்து விட்டேன்.”

“நாளைக்கு லிஃப்ட் வாங்குறவங்க வராங்க. திரும்பக் கட்டிடு.”

“எச்சரிக்கை ஆயிரத்துக்கு மேல இருக்கு. படிச்சுட்டுக் கட்டுறேன்.”

“இத்தனை வருஷமா லிஃப்ட் ஓடலையா?”

“அது ஆறு பேர் லிஃப்ட் சார். இது பத்து பேர்.”

“நாலு பேர் கூட ஏறினா கம்பைலருக்கு என்ன வந்தது?”

அவள் படிக்கத் தொடங்கினாள். நடுவில் என் மகன் போன் செய்தான். “இன்னும் பாதிகூட முடியல” என்றாள். “டேப் வேணுமா?” என்று கேட்டான். போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பயப்பட வேண்டிய எச்சரிக்கை ஒன்று கிடைத்தது. லிஃப்ட்டுக்குள் இருக்கும் எடையைப் புரோகிராம் குறித்து வைக்கும் இடம் மிகச் சின்னது. அறுநூற்றைம்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆறு பேர் லிஃப்ட் அந்த எடையை எட்டியதே இல்லை. புதிய லிஃப்ட்டோ அறுநூற்றெண்பதில் மணியடிக்க வேண்டியது. இந்தக் கணக்கில் அது என்றைக்குமே அடிக்காது; எத்தனை பேர் திணித்துக்கொண்டாலும் கிளம்பிவிடும்.

“கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. கண்ணால காட்டு” என்றார் பச்சை சார்.

பின்கட்டில் சோதனை லிஃப்ட் இருந்தது. நகராதபடி மோட்டாரை அணைத்துவிட்டு, அவர் ஏறினால் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும் அளவுக்கு எடைக்கற்களை உள்ளே அடுக்கினாள். அவர் எடை என்ன என்று அவர் மனைவியிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள்.

“இப்ப நீங்க ஏறுங்க சார்.”

ஏறினார். கதவு தானாக மூடிக்கொண்டது. விளக்கு அணைந்தது. மின்விசிறியும் நின்றது.

“யாரும்மா லைட்டை அணைச்சது?”

“லிஃப்ட்தான் சார். உள்ள யாரும் இல்லன்னு கரண்ட்டை மிச்சம் பண்ணுது.”

“நான் இருக்கேனே.”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல.”

“கதவைத் திறம்மா. வேர்க்குது.”

“திறக்கிறேன். இந்த வாரமே அனுப்பிடலாமா சார்?”

உள்ளேயிருந்து கதவை இரண்டு தட்டு தட்டினார்.

“வேணாம். நீ படிச்சு முடி.”

மறுநாள் காலையில் அதே மனிதர் அவள் மேசைக்கு வந்து நின்றார். “அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் மட்டும், இப்போதைக்கு...” என்று இழுத்தார். அவள் முடிக்க விடவில்லை.

“வேணும்னா திரையை அணைச்சுக்குங்க சார். கம்பைலர் வாயில மட்டும் கை வைக்காதீங்க.”

அவரே போய் பிளக்கைப் பிடுங்கினார். சுவர் முழுக்க இருட்டாக இருக்கிறதே, என்ன அது என்று வந்தவர்கள் கேட்டார்களாம்.

“இன்னும் படிச்சு முடிக்கல” என்றாராம் பச்சை சார்.